ரசனையுள்ள கம்ப்யூட்டர்

அத்தியாயம் ஆறு

"நீ பென்சில்தானே?" என்று கேட்டபடி அந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான்.

கேட்டது என் மனைவியை. நான் கருவிப் பையைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது விழுந்த சத்தத்தில் ஹாலில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

"காலேஜ்ல இவளுக்கு அதான் பேரு," என்று அவன் எனக்கு விளக்கம் வேறு சொன்னான். "அவ்வளவு ஒல்லி. நீங்க?"

"ரப்பர்," என்றேன்.

என் மனைவி சிரித்துவிட்டாள். என் ஜோக்குக்குச் சிரித்தாளா, அவனைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பென்சில் என்று தனக்கு ஒரு பேர் இருந்ததைப் பற்றி அவள் என்னிடம் மூச்சு விட்டதில்லை. அவனோ நேற்றுதான் பார்த்துப் பிரிந்தவன் போல உரிமையோடு கூப்பிடுகிறான். தலைமுடி வேறு நெற்றியில் புரள்கிறது. எனக்கு நெற்றி இருக்கிறது, புரளத்தான் ஆள் இல்லை.

ஊர் உலகத்துக்கு அவள் டாக்டரம்மா. நாலு பேர் பார்த்துக் கைவிட்ட கம்ப்யூட்டர்களுக்குக் கடைசியாகக் கூப்பிடுவது அவளைத்தான். லேப்டாப், வயர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னால் வருகிற நான் கம்பவுண்டர். நோய் தீர்ந்தால் பேர் டாக்டருக்கு, தீராவிட்டால் திட்டு கம்பவுண்டருக்கு. அதெல்லாம் பழகிப்போன விஷயம். பென்சில் பழகவில்லை.

அது படுக்கை விரிப்புகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் டிசைன் வரைந்து கொடுக்கிற இடம். நீளமான ஹால், ஜன்னலோரமாக வரிசையாக மேஜைகள், கோடியில் ஒரு கண்ணாடி அறை. நாம் தலைவைத்துத் தூங்குகிற பூவையும் கொடியையும் யாரோ உட்கார்ந்து வரைகிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளியம்மா வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படம் வரையற சாஃப்ட்வேர் திடீர் திடீர்னு ஹேங் ஆகுது. மவுஸ் நகராது, எதை அழுத்தினாலும் அசையாது. சில நேரம் தானா சரியாயிடும். சில நேரம் மொத்தமா மூடிக்கும், கடைசியா வரைஞ்சது போயிடும். மெஷினை மாத்தியாச்சு. சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடியும் போட்டாச்சு. ஒண்ணும் வேலைக்கு ஆகலை."

"எந்த மெஷின்ல?" என்றாள் டாக்டரம்மா.

"ஒரு மெஷின்னு இல்லை. அந்தப் பொண்ணு எதுல உக்கார்ந்தாலும் அதுல."

அவர் கை காட்டிய மூலையில் ஒரு பெண் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாததால் எல்லாரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள்.

"அவ வர்றதுக்கு முந்தி இங்க இந்தத் தொல்லையே கிடையாது," என்றார் முதலாளியம்மா. "கலர் போடற பொண்ணுங்க ரெண்டு பேர் மெஷினும் இப்ப அப்பப்ப நிக்குது. அதுவும் அவ படத்துக்குக் கலர் போடும்போதுதான். எங்க சீனியர் மெஷின் ஒரு தடவைகூட நின்னது கிடையாது. சரி, மெஷின்லதான் கோளாறுன்னு அவர் இடத்துல இவளை உக்கார வெச்சுப் பாத்தேன். அன்னிக்கு அதுவும் நின்னுடுச்சு."

சீனியர் என்பது நம் நெற்றிமுடிதான். "பாவம், மிரண்டு போச்சு," என்று தன் கம்ப்யூட்டரைத் தட்டிக் கொடுத்தான். கலர் போடும் பெண்கள் சிரித்தார்கள். புதுசு திரும்பவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க. கோளாறு மெஷின்லன்னா சரி பண்ணிக்கலாம். இல்லைன்னா இன்னியோட அவளை அனுப்பிடறேன்."

இதை அவர் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கேட்கும் தூரத்தில் நின்று, ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்வது போலச் சொன்னார். அவர் நின்றிருந்த அவ்வளவு நேரமும் புதுசின் கம்ப்யூட்டர் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களைப் பாத்தா மெஷினுக்கே பயம் மேடம்," என்றேன். "நீங்க இங்கேயே ஒரு நாற்காலி போட்டுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரம்மா புதுசின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் நீல நிறத்தில் ஒரு பூ பாதி விரிந்திருந்தது. எனக்குப் பூக்களைப் பற்றித் தெரியாது. ஆனால் இதைப் பார்த்ததும் விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது.

"இதுக்கு முந்தி இருந்த இடத்துல ஆள் குறைச்சுட்டாங்க மேடம்," என்றாள் புதுசு, குரலைத் தாழ்த்தி. "இங்கேருந்தும் போனா, மெஷினைக் கெடுக்கற பொண்ணுன்னு பேர் வந்துடும். இந்தத் தொழில்ல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. அப்புறம் யார் கூப்பிடுவாங்க? எனக்கு வரையறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

சொல்லிக்கொண்டே ஒரு இதழை இழுத்தாள். இழுத்த இடத்தில் மவுஸ் நின்றது. அவள் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரை அப்படியே உறைந்து கிடந்தது. நான் எட்டி எட்டிப் பார்த்தேன், பின்பக்கம் போய் வயரை ஆட்டினேன், ஒரு தடவை மரியாதையாக வணக்கம்கூடச் சொன்னேன். நாங்கள் எல்லாரும் சலித்துப்போன பிறகு அது தானாக உயிர் பெற்று, விட்ட இடத்திலிருந்து இதழை வரைந்து முடித்தது.

"படத்தை எங்க வெச்சு வரையறே?" என்றாள் டாக்டரம்மா.

"பொது ஃபோல்டர்ல மேடம். எல்லார் படமும் அங்கதான். சொந்த மெஷின்ல வெச்சுக்கக் கூடாதுங்கறது முதலாளியம்மா ரூல். முன்னாடி யாரோ வேலையை விட்டுப் போகும்போது எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிட்டாங்களாம்."

"சேவ் பண்றது?"

"அதுவே பண்ணிக்கும். கொஞ்சம் வரைஞ்சா போதும், ஒரு தடவை சேவ் ஆகும்."

எல்லாம் புதுசின் படங்களில்தான் நிற்கிறது என்றால் படத்திலேயே நோய் இருக்கலாம். டாக்டரம்மா அந்த நீலப் பூவை எங்கள் லேப்டாப்பில் பிரதி எடுத்தாள். புதுசை அதில் வரையச் சொன்னாள். அவள் வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். லேப்டாப்புக்கு ஒரு விக்கல்கூட எடுக்கவில்லை. அதே படத்தைப் பொது ஃபோல்டரில் இருந்து அவள் மெஷினில் திறந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றது.

ஆக, மெஷினும் நல்ல மெஷின், படமும் நல்ல படம், பெண்ணும் நல்ல பெண். நோயாளி மட்டும் படுத்த படுக்கை.

"எனக்கு யார்னு தெரிஞ்சுபோச்சு," என்றேன், டாக்டரம்மாவைத் தண்ணீர் வைத்திருக்கும் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்.

"அவனைச் சொல்லாதீங்க."

"நான் இன்னும் பேரே சொல்லலையே."

"காலையிலேர்ந்து அவன் கழுத்தையே பாத்துட்டிருக்கீங்க. வேற யாரைச் சொல்லப் போறீங்க?"

"உணர்ச்சியை விடு. கேஸைப் பாரு. இந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் வாங்கறவங்க இவன் படத்தைத்தான் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. இப்ப இவளுது போகுது. வயிறு எரியாதா? ஹால்ல எல்லார் மெஷினும் நிக்குது, இவனுது மட்டும் நிக்கலை. திருடன் தன் வீட்டுல திருடுவானா? அதுவும் போக, அவன் தலைமுடியை அப்படி..."

"தலைமுடி?"

"அது கோர்ட்ல நிக்காது. விட்டுடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் நிறையச் சிரிப்பும் இருந்தது. இப்படிப் பார்த்தால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். மூடிக்கொண்டேன். உள்ளே எரிவது மட்டும் அடங்கவில்லை. பென்சில் என்று கூப்பிட்டதும் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான்தானே பார்த்தேன்.

திரும்பி வந்து அவள் புதுசிடம் ஒரு கேள்வி கேட்டாள். "எப்ப நிக்குது? நேரத்தைச் சொல்லாதே. என்ன வரையும்போது நிக்குது?"

புதுசு தயங்கினாள். "சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கறதுக்குத்தான் இவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ சொல்லு."

"சும்மா கோடு போடும்போது, கட்டம் போடும்போது எல்லாம் நிக்கறதில்லை மேடம். படம் கூடி வரும் பாருங்க, அப்பாடா, நல்லா வந்துடுச்சுன்னு எனக்கே தோணும் பாருங்க, அப்பதான் நிக்கும். சுமாரா வந்த படம் எதுலயும் நின்னதே இல்லை. நான் சந்தோஷப்பட்டா மெஷினுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுப்பேன்."

நான் சிரிக்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மோசமா ஒண்ணு வரை பாப்போம்."

அந்தப் பெண்ணுக்கு மோசமாக வரைய வரவில்லை. எப்படி முயன்றாலும் கோடு ஒழுங்காக வந்து தொலைத்தது. "தள்ளிக்கோம்மா," என்று நான் உட்கார்ந்தேன். இதில் எனக்குப் பிறவி ஞானம் உண்டு. யானை ஒன்று வரைந்தேன். உருளைக்கிழங்குக்குக் காது முளைத்தது போல் வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு யானை, அதன் மேல் ஒரு மரம். இதைப் படுக்கை விரிப்பில் போட்டால் குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்துவிடும். மெஷின் குதிரை போல ஓடியது. படம் நிரம்பி வழிகிற வரை வரைந்தும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"இப்ப நீ வரை," என்றாள் டாக்டரம்மா. "உன்னால முடிஞ்சதுலேயே நல்லா."

புதுசு நீலப் பூவுக்குத் தண்டு இழுத்தாள். நேராக இறங்கிவந்த தண்டு ஓரிடத்தில் யாரோ கூப்பிட்டது போலச் சட்டென்று திரும்பியது. எனக்கே ஒரு கணம் மூச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் மெஷினும் நின்றது.

"ஆஹா," என்றேன். "என் யானையை மதிக்கலை. இவ பூவுக்கு வாய் பிளந்து நிக்குது. இவ்வளவு ரசனையுள்ள கம்ப்யூட்டரை நான் பாத்ததில்லை."

"கம்ப்யூட்டருக்கு ரசனை கிடையாது," என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "ரசிக்கறது வேற யாரோ. ஆனா ரசிச்சா ஏன் நிக்கணும்?" பையைக் காட்டினாள். "அந்த நீள கேபிளை எடுங்க."

எடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சீனியர் எழுந்து வந்து, "என்ன பென்சில், பிடிபட்டுதா? காபி சொல்லவா?" என்றான். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான். கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தான். நடையில் ஒரு அலட்சியம். காலேஜில் இதே நடைதான் நடந்திருப்பான். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருப்பாள். காபி அப்போதும் வாங்கிக் கொடுத்திருப்பான். சர்க்கரை எவ்வளவு போட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"ஏங்க."

"ம்."

"கேபிளைக் கேட்டேன்."

பார்த்தேன். கேபிளின் ஒரு நுனி என் முஷ்டியில் இறுகியிருந்தது. மறு நுனியைப் பிடித்து இழுத்தபடி அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக இழுத்தாளோ தெரியாது.

"நீங்க அவனைப் பாத்துட்டே கேபிளை விடாம பிடிச்சுட்டிருக்கீங்க," என்றாள். "நான் இங்க வேலை ஓடாம அப்படியே நிக்க..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் கண்கள் விரிந்தன. இந்த முகத்தை எனக்குத் தெரியும். இது காலேஜ் பையன் யாரும் பார்த்திராத முகம், எனக்கு மட்டும் சொந்தமான முகம்.

"அதான்," என்றாள். "அதேதான். ஒரு புத்தகத்தை ஒருத்தர் கையில பிடிச்சுப் பாத்துட்டிருந்தா இன்னொருத்தர் அதுல எழுத முடியுமா? அவங்க விடற வரைக்கும் காத்திருக்கணும். இந்தப் பொண்ணோட படத்தை இன்னொரு மெஷின்லேருந்து யாரோ திறந்து பெரிசாக்கிப் பாத்துட்டிருக்காங்க. அந்த நேரத்துல இங்க சேவ் பண்ணப் பாக்குது. முடியலை. காத்துட்டு நிக்குது. அவங்க சீக்கிரம் மூடிட்டா இது பிழைச்சுக்கும். மூடாம பாத்துட்டே இருந்தா சாஃப்ட்வேர் செத்துப்போகும்."

"படம் நல்லா இருந்தா அதிக நேரம் பாப்பாங்க."

"சுமாரா இருந்தா ஒரு நொடியில மூடிடுவாங்க. எந்த மெஷினா இருந்தா என்ன, படம் இவளோடதுதானே?"

"அப்ப அவன்தான்," என்றேன், சீனியரின் முதுகைப் பார்த்து. எனக்குக் கல்கண்டு சாப்பிட்டது போல் இருந்தது.

டாக்டரம்மா கைதட்டினாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க. யாரும் எதையும் தொடாதீங்க."

எழுந்தார்கள். புதுசின் திரை இன்னும் உறைந்தே கிடந்தது. நான் சீனியரின் மேஜைக்கு ஓடினேன். அவன் திரையில் அவனுடைய ரோஜாக்கள் வரிசையாக நின்றன. பொது ஃபோல்டரில் அவன் படத்தைத் தவிர வேறு எதுவும் திறந்திருக்கவில்லை. கலர் போடும் பெண்களின் மெஷின்களிலும் இல்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு, "என்ன பாக்கறீங்க?" என்று கேட்டான். சொன்னால் புரிகிற துக்கமா அது.

ஹாலில் யாரும் இல்லை. மிச்சமிருந்தது கண்ணாடி அறை.

டாக்டரம்மா தன் போனிலிருந்து எனக்குப் போன் செய்து, என் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். "உள்ள போங்க. ஏதாவது கேளுங்க. அவங்க பாத்துட்டிருக்கறதை மூடணும்."

நான் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

"மேடம், ஸ்டேப்ளர் இருக்கா?"

முதலாளியம்மா திரைக்கு மிக அருகில் குனிந்து உட்கார்ந்திருந்தார். திரை எனக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், அவரே எப்போதோ வரைந்த ஒரு மாங்காய் டிசைன் தொங்கியது. அந்தக் கண்ணாடியில் நீலமாக ஒரு பூ தெரிந்தது.

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஸ்டேப்ளரா?" என்றார்.

"முத்தின கேஸ் மேடம்."

அவர் கை அவசரமாக மவுஸை அழுத்தியது. சுவர்க் கண்ணாடியிலிருந்த நீலம் காணாமல் போனது.

"ஓடுது," என்றது என் சட்டைப் பை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது என்ன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து அதை நான் சுமந்துகொண்டு திரிகிறேன். பிடிக்காமல் பார்ப்பது, பார்க்காமல் இருக்க முடியாமல் பார்ப்பது, பார்த்துப் பார்த்து இன்னும் எரிவது. ஒரு பொறாமைக்காரனுக்கு இன்னொரு பொறாமைக்காரரைத் தெரியாதா?

டாக்டரம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். புத்தகக் கதையைத் திரும்பச் சொன்னாள்.  கடைசியில், "நான் பாத்தா நிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க பாக்கற வரைக்கும் நிக்கும் மேடம்."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க."

அவர் சுவரில் இருந்த மாங்காயைத் திரும்பிப் பார்த்தார். "இது வந்த வருஷம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னல்ல இதுதான் தொங்கும். அப்புறம் ஆபீஸ், ஆளுங்க, ஆர்டர். கை நின்னு போச்சு. அதைப் பத்தி நான் கவலைப்பட்டதில்லை. இவ வந்த அன்னிக்கு ஒரு இலை வரைஞ்சா. வெறும் இலை. எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை. அவ வரையும்போதே திறந்து பாப்பேன். எங்கயாவது தப்பு பண்ணுவாளான்னு தேடுவேன். கிடைக்காது."

"மத்தவங்க படத்தைப் பாப்பீங்களா? சீனியர் படத்தை?" என்று கேட்டது நான்தான். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"அவர் படத்தையா? எதுக்கு?" என்றார், நிஜமாகவே புரியாமல். "அது சரியாத்தான் இருக்கும்."

எனக்கு அந்த வார்த்தை தேனாக இறங்கியிருக்க வேண்டும். ஏனோ இறங்கவில்லை.

முதலாளியம்மா மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். "ஒண்ணு கேக்கறேன். அவ வேலை பண்ற விதம்தான் தப்பு, மெஷினுக்கு ஒத்துக்கலைன்னு எழுதிக் கொடுத்துடுங்க. நான் அவளை அனுப்பிடறேன். உண்மையைச் சொன்னா, அனுப்பறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா போதும்னுதான் இருந்தேன். இந்தப் பொண்ணு இங்க இருந்தா நான் உருப்பட மாட்டேன்."

 நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், முதலாளியம்மாவின் மவுஸை வாங்கி, எதையோ அழுத்தினாள்.

"ஃபோல்டர்லேருந்தே படத்தைப் பெரிசாக்கிக் காட்டற வசதியை மூடிட்டேன் மேடம். அடுத்தவங்க வேலை பாத்துட்டிருக்கற படத்தை உங்க மெஷின் இனிமே திறக்காது. எந்த மெஷினும் நிக்காது. நான் எழுதிக் கொடுக்கப்போறது அவ்வளவுதான். அவ படத்தைப் பாக்கணும்னா நீங்க எழுந்துபோய் அவ பக்கத்துல நின்னுதான் பாக்கணும்."

"எனக்கு அது முடியாது."

"அப்ப அவளை அனுப்பிடுங்க. ஆனா என்ன காரணம்னு அவகிட்ட நீங்கதான் சொல்லணும்."

முதலாளியம்மா எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு போனார். நாங்கள் பின்னால் போனோம். ஹாலில் எல்லாரும் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் இன்னும் நின்றுகொண்டே இருந்தார்கள். புதுசு தன் பையை எடுத்து மேஜை மேல் வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் அதில் போட்டாயிற்று. முதலாளியம்மாவைப் பார்த்ததும் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.   திரையில் நீலப் பூ இருந்தது. அவர் கண் அதன் மேல் போனது, போனது அங்கேயே நின்றது.

"இந்தத் தண்டை ஏன் இங்க திருப்பினே?" என்றார்.

புதுசு பயந்துவிட்டாள். "தப்பா மேடம்? நேராக்கிடறேன்."

"கை வைக்காதே அதுல." குரல் கரகரத்தது. "நானா இருந்தா நேராத்தான் விட்டிருப்பேன். அதனாலதான் கேக்கறேன்."

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, ஹாலுக்குப் பொதுவாகச் சொன்னார்: "மெஷின் நின்னதெல்லாம் என்னால. நான் அவ படத்தைப் பாத்துட்டிருந்தேன், அதனால நின்னுது. இவ மேல ஒரு தப்பும் இல்லை. இவ எங்கயும் போகலை."

புதுசு பையைக் கீழே இறக்கி வைத்தாள். மவுஸைப் பிடித்தாள். பிறகு தண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மேடம் மேடம் என்று வாக்கியத்துக்கு இரண்டு தடவை சொன்னாள். போகப்போக அதை மறந்துவிட்டாள்.

நாங்கள் படி இறங்கும்போது சீனியர் பின்னால் வந்தான். சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான்.

"பென்சில், ஒரு நிமிஷம்." என்னைப் பார்த்தான். நான் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நகராமல் நின்றேன். "என் மெஷின் மட்டும் ஏன் நிக்கலை? அவங்க எல்லார் படத்தையும் பாத்திருப்பாங்க இல்ல?"

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தான். நான் காலையிலிருந்து காத்திருந்த தருணம் இதுதான். ஒரே ஒரு உண்மை, அவன் நெற்றிமுடி முதல் நடை வரை எல்லாம் சரிந்துவிடும். என் மனைவி உண்மையை முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவள். என் சட்டை பொருந்தவில்லை என்பதைக்கூட நாலு பேர் நடுவில் சொன்னவள்.

"பாத்திருக்காங்க," என்றாள். "உன் ஃபைல் எல்லாம் ரொம்பச் சின்னது. சுத்தமா வரையறவங்க ஃபைல் அப்படித்தான் இருக்கும். அவங்க பாத்தாலும் இடையில சட்டுனு சேவ் ஆயிடும். அதான் மாட்டலை."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்," என்றான். மேலே ஏறிப் போனான். பாதிப் படியில் அந்தப் பழைய நடை மறுபடி ஒட்டிக்கொண்டது.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.  சிக்னலில் நின்றபோது தாங்க முடியவில்லை.

"அவனுக்காகப் பொய் சொன்னே."

"ஆமா."

"எனக்காக ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? நான் பாடினா நிறுத்துங்கன்னு சொல்றே. நான் குழம்பு வெச்சா தண்ணி மாதிரி இருக்குன்னு சொல்றே. அவன் ரோஜா மட்டும் சுத்தமா இருக்கா?"

"பாவங்க அவன்."

"நானும் பாவம்தான்."

 வண்டிகள் புகை விட்டுக்கொண்டு நின்றன. பிறகு அவள் தாடையை என் தோளில் வைத்தாள்.

"இன்னிக்குக் கேஸைக் கண்டுபிடிச்சது நீங்கதான்," என்றாள். "நீங்க அந்தக் கேபிளை அப்படிப் பிடிச்சுட்டு நிக்கலைன்னா எனக்குச் சாயங்காலத்துக்குள்ள புரிஞ்சிருக்காது. அந்தப் பொண்ணு இந்நேரம் வெளியில நின்னிருப்பா."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இது நிஜமா, இல்லை எனக்கும் ஒன்று சொன்னாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டினேன்.